இரண்டு கையுறை, ஒரு பிடி கொண்டைக்கடலை: மறதியைப் புரிந்துகொள்ள ஒரு பாடம்

(சோளக்காட்டில் நடந்த நம் சங்கத்தின் குடும்பச் சந்திப்பில் மாலை நேரத்தில் பேசியது. வர முடியாத சிலர் கேட்டதால், பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே சோளக்காடு வந்து சேர்ந்திருக்கிறோம். சந்தையில் மிளகும் மலை வாழையும் வாங்கியாகிவிட்டது. சீக்குப்பாறையில் நின்று படம் எடுத்தாகிவிட்டது. சாப்பாடு தயாராக இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்கிறார்கள். "சார், பேங்க் விஷயம் ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். பேங்க் விஷயம் பேசினால் நீங்கள் சாப்பாட்டுக்கு முன்பே தூங்கிவிடுவீர்கள். அதனால் வேறு ஒரு விஷயம் பேசுகிறேன். அடுத்த மாதம் பொதுக்குழுவில் நாம் கை தூக்க வேண்டிய விஷயமும் அதுதான்.

நம் செயற்குழுவுக்கு இரண்டு கடிதங்கள் வந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். நம்மோடு குடியிருக்கும் ஒரு பாட்டியம்மா இரவு இரண்டு மணி, மூன்று மணிக்கு எழுந்து வந்து பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டுகிறார். ஒரு முறை கேட் வரைக்கும் போய்விட்டார். "குடும்பத்தார் இரவில் கதவைப் பூட்டிவைக்க வேண்டும், முடியாவிட்டால் அவரை வேறு இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட வேண்டும்" என்பது கடிதங்களின் சாரம். எழுதியவர்கள்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஒருவர் காலை ஐந்து மணி ஷிஃப்டுக்குப் போகிறவர். இன்னொருவர் வீட்டில் கைக்குழந்தை. தூக்கம் கெட்டால் யாருக்கும் கோபம் வரும். பாட்டியம்மாவின் மருமகளிடம், இதைப் பற்றிப் பொதுவில் பேசலாமா என்று கேட்டேன். "பேசுங்க சார், பேசாம இருக்கிறதாலதான் எல்லாரும் எங்கள ஒரு மாதிரி பாக்கறாங்க" என்று சொன்னார். அவர் சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்க் கவுண்டரில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவன். ஆனால் என் அக்கா மகள் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். மறதி நோய் வந்த முதியவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மாணவிகளுக்குச் சொல்லித்தர அவள் ஒரு முறையைக் கையாளுகிறாள். அதற்கு சிமுலேஷன் என்று பெயர். தமிழில் பாவனைப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டபோது, நர்ஸ்களைவிட நமக்குத்தான் இது முதலில் தேவை என்று தோன்றியது.

பாவனைப் பயிற்சி நமக்குப் புதிதில்லை. பேங்க் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களை நேராகக் கவுண்டரில் உட்கார வைக்கவில்லை. பயிற்சி மையத்தில் பழைய வவுச்சர்களை வைத்து ஒரு பொய்க் கிளையே நடத்தினோம். ஒருவர் கேஷியர், ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் மேனேஜர். கணக்கு டேலி ஆகாவிட்டாலும் யார் பணமும் போகவில்லை. தப்பை அங்கே செய்துவிட்டு வந்தால் கவுண்டரில் குறையும். டிரைவிங் ஸ்கூல்காரர் முதலில் மைதானத்தில் எட்டுப் போட வைக்கிறாரே, அதே தத்துவம்தான். இன்று நம் பஸ்ஸை ஓட்டி வந்தவர் லைசென்ஸ் எடுத்த முதல் நாளே எழுபது வளைவில் பழகியிருந்தால் நாம் ஏறியிருப்போமா?

நர்சிங்கில் இது நூறு வருடத்துக்கு மேற்பட்ட வழக்கம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் செவிலியர் பள்ளிக்கு 1911-இல் ஆளுயரப் பொம்மை ஒன்று வந்தது. குழந்தைகளுக்குப் பொம்மை செய்துகொண்டிருந்த மார்த்தா சேஸ் என்ற அம்மையார் செய்தது. அதற்கு 'மிசஸ் சேஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. படுக்கையில் நோயாளியைப் புரட்டுவது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் அந்தப் பொம்மையிடம் பழகினார்கள். 1960-இல் நார்வே நாட்டுப் பொம்மை வியாபாரி ஆஸ்மண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கப் பழகுவதற்கு ஒரு பொம்மை செய்தார். இன்றைக்கும் முதலுதவி வகுப்பில் நெஞ்சை அமுக்கிப் பழகும் பொம்மை அதன் வம்சம்தான். 1963-இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர் இன்னொரு படி மேலே போனார். பொம்மைக்குப் பதிலாக ஆரோக்கியமான ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளியாக நடிக்க வைத்தார். மாணவர்கள் அவரைப் பரிசோதித்தார்கள். பரிசோதனை முடிந்ததும், 'நீ என்னிடம் எப்படி நடந்துகொண்டாய்' என்று அந்த நோயாளியே சொல்ல முடிந்தது. பொம்மையால் அது முடியாது.

இப்படிக் கற்றால் போதுமா, நிஜ வார்டு வேண்டாமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். அமெரிக்க நர்சிங் கவுன்சில்களின் தேசிய அமைப்பு பத்துக் கல்லூரிகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டது. வார்டில் செலவிடும் நேரத்தில் பாதி வரைக்கும் தரமான பாவனைப் பயிற்சியாக மாற்றினாலும், படித்து முடித்தபோது அறிவிலும் திறமையிலும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. தரமான என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமல் பொம்மையை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்தால் பலன் இல்லை.

நம் தமிழ்நாட்டுக்கு நர்சிங் கல்வியில் பெருமையான இடம் உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பே வந்தது. இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது அந்த வருடத்தில்தான். இப்போது இந்திய நர்சிங் கவுன்சில், 2021-22 கல்வியாண்டு முதல் பி.எஸ்.சி. நர்சிங்கைச் செமஸ்டர் முறைக்கு மாற்றியபோது பாவனைப் பயிற்சியையும் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டது. ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி தர குருகிராமில் ஒரு தேசிய மையமும் இருக்கிறது.

சரி, மறதி நோய்க்கு வருவோம். இதற்கு ஏன் பாவனைப் பயிற்சி அவசியம்? ஊசி போட ஒரு கையிருந்தால் பழகலாம். ஆனால் 'நீங்க யாரு, ஏன் என் சேலையை இழுக்கிறீங்க' என்று பயந்து அடிக்க வரும் ஒரு முதியவரிடம் போய், 'இருங்க பாட்டி, நான் தப்புத் தப்பாகப் பழகிக்கிறேன்' என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தப்பும் அவருக்கு நிஜமான பயம். முந்தைய நிமிடம் நடந்தது மறந்துபோனாலும் அந்தப் பயம் மனசில் தங்கும் என்று என் அக்கா மகள் சொல்வாள். மறப்பது சம்பவம், மறக்காதது உணர்ச்சி.

அமெரிக்காவில் பி.கே. பெவில் என்ற உளவியல் அறிஞர் இதற்கென்றே ஒரு பயிற்சியை வடிவமைத்தார். வர்ச்சுவல் டிமென்ஷியா டூர் என்று பெயர். பங்கெடுப்பவர் செருப்புக்குள் குத்துகிற தகடு வைப்பார்கள். பாத நரம்பு மரத்துப்போன முதியவர் நடக்கும்போது உணருவது அதுதான். கையில் தடித்த உறை. கண்ணில் நடுப்பார்வையை மறைக்கும் கண்ணாடி. காதில் பேச்சும் சைரனும் கதவுச் சத்தமும் கலந்த இரைச்சல். அப்படியே மங்கலான அறைக்குள் விட்டு ஐந்து சின்ன வேலைகளை ஒரே ஒரு முறை சொல்வார்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

என் அக்கா மகளின் வகுப்பில் அவ்வளவு சாமான் கிடையாது. வீட்டுச் சாமானில் அதே பாடத்தை நடத்துகிறாள். அதையே இங்கே கொண்டு வந்திருக்கிறேன். செருப்பில் போட ஒரு பிடி கொண்டைக்கடலை. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, ஒரு கைக்கு இரண்டு. வாசலின் தடவிய பழைய மூக்குக் கண்ணாடி. போனில் பதிவுசெய்த பஸ் ஸ்டாண்டு சத்தம், ஹெட்ஃபோன். மூன்று பேர் முன்னால் வாருங்கள். மற்றவர்கள் பாருங்கள்.

(மூன்று பேர் வந்தார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. ஒவ்வொருவருக்கும் ஐந்து வேலைகளைச் சாதாரணக் குரலில் ஒரு தடவை சொன்னேன். துண்டை மடிக்க வேண்டும். பர்சிலிருந்து 37 ரூபாய் எண்ணி எடுக்க வேண்டும். சட்டையில் மூன்று பொத்தான் போட வேண்டும். காகிதத்தில் கையெழுத்திட வேண்டும். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வேண்டும். எட்டு நிமிடம் கொடுத்தேன்.)

நன்றி, உட்காருங்கள். நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். தம்பி பர்சைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்காக எடுத்தோம் என்று அப்படியே நின்றுவிட்டார். தலைமை ஆசிரியர் ஐயா மடித்த துண்டையே மறுபடி பிரித்து மடித்தார். தெரிந்த வேலை அது ஒன்றுதான், அதையே செய்துகொண்டிருந்தார். தையல்காரம்மா வாழ்நாளில் எத்தனை ஆயிரம் பொத்தான் தைத்திருப்பார்! ஒரு பொத்தான் கூடப் போட முடியவில்லை. முதலில் அவரே சிரித்தார். நாமும் சிரித்தோம். அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார், நாம் நிறுத்தவில்லை. சட்டையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

நர்சிங் வகுப்பில் இதற்குப் பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பிக்கும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, 'என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், அடுத்த முறை எப்படி மாற்றுவாய்' என்று பேசுவார்கள். நடித்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் இந்தப் பேச்சுக்குப் போகும். இது இல்லாவிட்டால் பாவனைப் பயிற்சி வெறும் விளையாட்டாகிவிடும். அதனால் நானும் கேட்கிறேன். எது கஷ்டமாக இருந்தது?

(தம்பி, "என்ன சொன்னீங்கன்னு கேட்கவே இல்ல அங்கிள், மறுபடி கேட்கக் கூச்சமா இருந்துச்சு" என்றார். தலைமை ஆசிரியர், "எல்லாரும் என்னையே பார்க்கறாங்கன்னு மட்டும் தெரிஞ்சுது" என்றார். தையல்காரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பொத்தான் வராதது கூடப் பரவாயில்லைங்க. நீங்க எல்லாம் சிரிச்சீங்க பாருங்க, அதுதான். கத்தணும்போல இருந்துச்சு" என்றார்.)

இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை. கேட்காதது, கூச்சம், எல்லோரும் பார்ப்பது, கத்தணும்போல இருப்பது. எட்டு நிமிடத்தில் மூன்று பேருக்கு இவ்வளவு. நம் பாட்டியம்மா சில சமயம் கத்துகிறார் என்று கடிதத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டார்கள், அவரால் கழற்ற முடியாது. கையும் கண்ணும் காதும் தடுமாறுவதை நாம் நடித்துப் பார்க்கலாம், மூளைக்குள் நடப்பதை நடிக்க முடியாது. இன்னொன்று, இந்தப் பயிற்சி இழப்பை மட்டும் காட்டும். நோய் வந்தவரிடம் மிச்சம் இருப்பதைக் காட்டாது. பாட்டு, பழைய கதை, கைப்பழக்கம், பேரனைக் கண்டால் வரும் சிரிப்பு இவையெல்லாம் பல காலம் இருக்கும். அதனால் நல்ல ஆசிரியர்கள் இந்தப் பயிற்சியோடு நிறுத்தாமல், குடும்பத்தாரிடம் அந்த முதியவரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதிவரச் சொல்வார்கள். பரிதாபம் மட்டும் வந்தால் தூரத்தில் நின்று 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பழக்க தோஷம், மன்னியுங்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது, அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்று 2023-இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்களை எண்ணினேன், என்னையும் சேர்த்து 58 பேர். சராசரியை அப்படியே போட்டால் நான்கு பேர் வருகிறது. சின்ன எண்ணிக்கையில் சராசரி அப்படியே பொருந்தாது என்று தெரியும். ஆனாலும் இது ஒரு வீட்டின் பிரச்சினை என்று நினைத்துத் தீர்மானம் போடப் போகிறோமே, அந்தத் தீர்மானம் இன்னும் பத்து வருடத்தில் இங்கே உட்கார்ந்திருக்கும் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பென்ஷன் கவுண்டரில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். நவம்பர் மாதம் ஆயுள் சான்று கொடுக்க வருவார்கள். முப்பது வருடம் ஒரே மாதிரி கையெழுத்துப் போட்டவருக்குத் திடீரென்று எழுத்து குலையும். காலையில் பணம் எடுத்தவர் மத்தியானம் மறுபடி வந்து, பணமே தரவில்லை என்பார். மனைவி பின்னால் நின்று கண்ஜாடை காட்டுவார். எழுத்து மாறுவதும் கணக்கு தடுமாறுவதும் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. சாவி எதற்கு என்று மறந்தால் டாக்டரிடம் போக வேண்டும். உங்கள் வீட்டில் அப்படித் தோன்றினால், நல்ல நினைவோடு இருக்கும்போதே கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும்படி மாற்றி, நாமினியையும் சரிபார்த்துவிடுங்கள். பேங்க்காரன் பேச்சில் இதுவாவது இருக்கட்டும்.

நர்சிங் மாணவிகளுக்கு முதலில் சொல்லித்தருவது மூன்றைப் பிரித்துப் பார்ப்பது: டிமென்ஷியா, டெலிரியம், மன அழுத்த நோய். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வரும். டெலிரியம் என்பது திடீர்க் குழப்பம், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் சோடியம் குறைவது, மாத்திரைகளின் பக்கவிளைவு போன்றவை காரணமாக இருக்கும். நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று உளறினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மன அழுத்தமும் மறதியைப்போலத் தெரியும், அதற்கு மருந்து உண்டு. பி-12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, தலையில் அடிபட்டு மெல்ல ரத்தம் கட்டுவது ஆகியவையும் மறதியைப்போல வரும், இவற்றையும் சரிசெய்யலாம். காது கேளாமையைச் சரிசெய்வது, பார்வைக் குறையைச் சரிசெய்வது, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பைக் கட்டுப்படுத்துவது என்று 14 விஷயங்களைக் கவனித்தால் உலகில் கிட்டத்தட்ட 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் சொன்னது. காது மிஷின் வேண்டாம் என்று அடம் பிடிக்கும் என் வயதுக்காரர்கள் கவனிக்க.

அடுத்து, பேசும் முறை. வகுப்பில் ஒரு மாணவி பாட்டியாக நடிப்பாள், இன்னொருத்தி நர்ஸாக வருவாள். பாட்டி, 'எங்க அம்மா தேடுவாங்க, நான் வீட்டுக்குப் போகணும்' என்பாள். முதல் முறை நர்ஸ் வேடக்காரி உண்மையைச் சொல்வாள்: 'பாட்டி, உங்களுக்கு எண்பது வயசு, உங்க அம்மா செத்து முப்பது வருஷம் ஆச்சு.' பாட்டிக்கு அது புதுச் சாவு, அழுவாள். இரண்டாவது முறை, 'உங்க அம்மா எப்படி இருப்பாங்க? என்ன சமைப்பாங்க?' என்று கேட்பாள். பாட்டி கேழ்வரகுக் களியைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பாள். பொய் சொல்லவில்லை, வாதமும் செய்யவில்லை. எதிரில் வந்து, கண் மட்டத்தில் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். 'நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்' என்று பரீட்சை வைக்கக் கூடாது. பின்னாலிருந்து தொடக் கூடாது. மாணவிகள் இதைப் புத்தகத்தில் படித்து எழுதினால் மார்க் வாங்குவார்கள். நடித்துப் பார்த்தால்தான் வாய்க்கு வரும்.

நம் பாட்டியம்மாவுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கதவைத் தட்டி அவர் என்ன கேட்கிறார்? கடிதத்தில் அது இல்லை. மருமகளிடம் கேட்டேன். "பால் பீச்ச நேரமாச்சு, எந்திரிங்க" என்று சொல்கிறாராம். அவர் ஊரில் நாற்பது வருடம் மாடு வைத்திருந்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பியவர். அவர் நம் தூக்கத்தைக் கெடுக்க வரவில்லை, வேலைக்குப் போகிறார். 'மணி ரெண்டு, போய்ப் படுங்க' என்று நாம் சத்தம் போட்டால், வேலைக்குப் போகிறவரை யாரோ தெரியாத ஆள் வழிமறித்துத் திட்டுவதாகத்தான் அவருக்குப் படும். 'இன்னிக்கு மாடு நானே பாத்துக்கிறேன்மா, நீங்க உக்காருங்க' என்று சொல்லி, ஒரு நாற்காலி போட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு போன் போட்டால் ஐந்து நிமிட வேலை. வாட்ச்மேன் தம்பிக்கும் இதைச் சொல்லித்தரலாம்.

வெளியிலிருந்து பூட்டுவது என்ற யோசனையை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தீ விபத்து வந்தால் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது. கட்டிவைப்பதும் பூட்டிவைப்பதும் குழப்பத்தை அதிகமாக்கும், அது கடைசி வழி என்றுதான் நர்ஸ்களுக்கும் சொல்லித்தருகிறார்கள். அதற்குப் பதிலாக, கதவு திறந்தால் உள்ளே மணியடிக்கும் சின்ன சென்சார் மாட்டலாம், சில நூறு ரூபாய்தான். வராந்தாவில் இரவு விளக்கு ஒன்று எரியலாம். ஒவ்வொரு தளத்திலும் பெரிய எழுத்தில் எண்ணும், ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு நிறமும் இருக்கட்டும். இந்த மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் எண் பலகை இருக்கிறதே, எதற்கு? மேலே பனிமூட்டம் வந்தால் அனுபவசாலி டிரைவருக்கும் அது வேண்டும். நம் நான்கு பிளாக்கும் ஒரே பழுப்பு நிறம். நானே ஒரு முறை வேறு பிளாக்கில் லிப்ட் ஏறியிருக்கிறேன்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் சில வேலைகள் இருக்கின்றன. பகல் தூக்கத்தைக் குறைத்து, காலை வெயிலில் அரை மணி நேரம் நடக்க வைக்க வேண்டும். சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். இரவில் திடீரென்று தொந்தரவு கூடினால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லத் தெரியாத வலிதான் பல நேரம் கோபமாக வெளியே வரும். சட்டைப் பையிலோ வளையலிலோ பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும். ஹோம் நர்ஸ் வைப்பவர்கள் கவனியுங்கள். அந்தப் பெயரில் வருபவர் எல்லோரும் நர்ஸ் இல்லை. நர்ஸ் என்றால் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேட்டு வாங்குங்கள். உதவியாளர் என்றால் உதவியாளருக்கு உரிய சம்பளமும் மரியாதையும் கொடுங்கள், ஆனால் ஊசி போடச் சொல்லாதீர்கள். இருவரிடமும் 'மறதி நோய் உள்ளவரைப் பார்த்திருக்கிறீர்களா, குளிக்க மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்' என்று கேளுங்கள். 'பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுவேன்' என்று பதில் வந்தால் வேண்டாம்.

உதவிக்கு இடங்கள் இருக்கின்றன. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கென்றே எம்.டி. படிப்பு 1996-இல் வந்தது, டாக்டர் வி.எஸ். நடராஜன் அதற்கு முன்னோடி. கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. சென்னை அண்ணா நகரில் ஸ்கார்ஃப் நிறுவனத்தில் மறதி நோய்க்குத் தனிப் பிரிவு நடக்கிறது. முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. அவசரத்துக்கு 108.

இனி என் கோரிக்கை. பொதுக்குழுவில் அந்தத் தீர்மானத்துக்குப் பதிலாக நான்கு விஷயங்களை முன்வைக்கிறேன். ஒன்று, எல்லாத் தளத்துக்கும் எண் பலகையும் இரவு விளக்கும். இது சிறு குழந்தைகளுக்கும் கூரியர்காரருக்கும்கூடப் பயன்படும். இரண்டு, குடும்பம் விரும்பினால் மட்டும், வழி தவறக்கூடிய பெரியவர்களின் படமும் போன் நம்பரும் கேட்டில் ஒரு மூடிய கோப்பில் இருக்கும். மூன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ச்மேன்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், அந்தத் தளத்துக் குடும்பங்கள் எல்லோருக்கும் இதே பயிற்சி. என் அக்கா மகள் இரண்டு மாணவிகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கையுறையும் கடலையும் சேர்த்து முன்னூறு ரூபாய்க்குள் முடியும், அந்தச் செலவு என்னுடையது. நான்கு, கடிதம் எழுதிய இரண்டு வீட்டாரும் பாட்டியம்மா வீட்டாரும் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும். தூக்கம் கெடுவது நிஜமான கஷ்டம். மூன்று மாதம் இந்த ஏற்பாடுகளைச் செய்து பார்ப்போம். குறையாவிட்டால் மறுபடி பேசுவோம், அப்போது நானே உங்கள் பக்கம் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன்.

தையல்காரம்மாவிடம் எல்லோர் சார்பிலும் ஒரு வார்த்தை: சிரித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. நீங்கள் சொன்ன அந்த ஒரு வரிதான் இன்றைய கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் முதலில் ஏற வேண்டியது.

சாம்பார் வாசனை வருகிறது. பொதுக்குழுவுக்குத் தவறாமல் வாருங்கள்.